கொஞ்சம் வெளியே இருங்களேன்

அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எழுதிய 'எலைசா', மனநல ஆலோசகரைப் போலப் பேசும் கணினி நிரல். நாம் சொன்னதையே திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கும்; அம்மா என்று எழுதினால், குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்னும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அது உருவானதைப் பல மாதம் கூடவே இருந்து பார்த்தவர் வைசன்பாமின் செயலாளர். ஒருநாள் அதனோடு பேச உட்கார்ந்தவர், இரண்டு மூன்று வரிக்குள் வைசன்பாமை அறைக்கு வெளியே போகச் சொல்லிவிட்டார்.

வைசன்பாம் திடுக்கிட்டார். ஃபிராய்ட் திடுக்கிட்டிருக்க மாட்டார். நோயாளியைப் படுக்க வைத்து, கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்தவர் அவர். எதிராளி தன்னைப் பற்றி எதுவும் சொல்லாதபோது, அந்தக் காலி நாற்காலியில் நாம் அப்பாவையோ பழைய காதலியையோ கொண்டுவந்து உட்கார வைக்கிறோம். உளப்பகுப்பாய்வில் இதற்கு டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். நோயாளிக்கு மருத்துவர்மேல் காதல் வந்தால் என்ன செய்வது என்று 1915-இல் ஒரு கட்டுரையே எழுதினார் ஃபிராய்ட். விரட்டக் கூடாது, பதிலுக்குக் காதலிக்கவும் கூடாது. இது உண்மையில் யாருக்குச் சேரவேண்டிய காதல் என்று இருவருமாகத் தேட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுத் துணையோடு பேசவைக்கும் 'ரெப்ளிகா' செயலி இந்த அணுகுமுறையைத் தலைகீழாக்கியது. அதன் தொடக்கம் ஒரு சாவு. 2015-இல் விபத்தில் இறந்த நண்பர் ரோமன் மசுரென்கோவின் குறுஞ்செய்திகளைக் கொண்டு, அவரைப் போலவே பேசும் நிரலை உருவாக்கினார் யூஜீனியா குய்டா. அதன் தொடர்ச்சியாக 2017-இல் வந்த செயலியில், நட்பு இலவசம், காதலுக்குச் சந்தா. கேட்டதும் கிடைத்தது. எனவே யாருக்கான காதல் என்ற கேள்வி எழவே இல்லை.

2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் செயலியைக் கட்டுப்படுத்தியது. அதே மாதத்தில் நிறுவனம் பாலுறவுப் பேச்சையும் நிறுத்தியது. நேற்றுவரை கொஞ்சிய துணை, வேறு ஏதாவது பேசலாமே என்றது. பலர் துக்க வீட்டுக்காரர்களைப் போல அழுதார்கள். சிரிப்பது சுலபம், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்ற குழப்பத்தில்தான் ஆசை பிறக்கிறது என்பார் பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான். எதையும் மறுக்காத துணையிடம் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. முதன்முறையாக அது மறுத்தபோதுதான் அதற்கும் ஒரு மனசு இருப்பதுபோலத் தோன்றியது, அதுவும் நிறுவனத்தின் மனசு.

மார்ச்சில் பழைய பேச்சு திரும்பி வந்தது. பிப்ரவரி 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும்.