எழுதுகோலும் அன்றாட அப்பமும்

வாசகர் செலுத்தும் மாதச் சந்தாவைக் கொண்டே குடும்பம் நடத்தும் எழுத்தாளர் சிலர் இன்று அமெரிக்க நாட்டில் உளர். பத்திரிகை முதலாளியுமில்லை, அச்சகமுமில்லை. கட்டுரை மின்மடலாக வாசகர் கைக்கே போய்ச் சேருகிறது. 2017-இல் தொடங்கிய சப்ஸ்டாக் என்னும் அமெரிக்க நிறுவனம் இதற்கு வழி செய்து, சந்தாவில் 10 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது.

உழைப்பவன் கூலி பெறுவது நீதியே. அவ்வுரிமையை ஏற்றுரைத்த புனித சின்னப்பர், கொரிந்து நகரில் கூடாரம் செய்தே பிழைத்தார் என்பதையும் மறவாதிருப்போம்.

வேலையை விட்டு இதில் இறங்க விரும்பும் இளைஞர் முதலில் கணக்குப் பார்க்கட்டும். மாதம் 5 டாலர் வீதம் 1,000 பேர் தந்தால் 5,000 டாலர். நிறுவனத்துக்கு 500; பணத்தை வசூலித்துத் தருவோருக்கு ஏறத்தாழ அவ்வளவே. எஞ்சுவது ஏறக்குறைய 4,000, வரி வேறு. இலவசமாகப் படிப்போருள் நூற்றுக்கு 5 முதல் 10 பேரே சந்தா கட்டுவர் என்று அந்நிறுவனமே கூறியுள்ளது. எனவே அந்த ஆயிரவரைப் பெறப் பதினாயிரம் பேராவது படிக்க வேண்டும். சந்தைக்குப் போய்வரும் நம் தாய்மார் இக்கணக்கை நொடியில் முடிப்பர்!

பணத்தைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. படியளப்பவர் வாசகரேயாதலால், அவர் முகம் கோணாதவாறு எழுதும் சோதனை நாள்தோறும் வரும். கசப்பான உண்மையை எழுதிய மறுநாளே சந்தா குறையலாம். காசில்லாதவருக்குக் கதவு அடைபடுவது மற்றொன்று.

சேசு சபையார் நிறுவிய பாஸ்டன் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியை ஹெதர் காக்ஸ் ரிச்சர்ட்சன், 2019 முதல் தம் நாட்டு அரசியல் நிகழ்வுகளைப் பற்றி இவ்வாறு மடல் எழுதி வருகிறார். இலட்சக்கணக்கானோர் படிக்கின்றனர். சந்தா கட்டாதவரும் அதனை முழுமையாகப் படிக்கலாம். ஆசிரியப் பணியையும் அவர் விட்டுவிடவில்லை.