உங்களுக்குத் தெரியுமா? கம்பளி தராத செம்மறி!

கரிசலுக்குப் பழகிய வேம்பூர்ச் செம்மறியிடம் கத்தரித்தெடுக்கக் கம்பளியே கிடையாது. உடம்பெல்லாம் குட்டை முடிதான். வளர்ப்பது கறிக்காக.

● வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள்; ‘பொட்டு ஆடு’ என்றும் சொல்வார்கள். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை.

● சினைக்காலம் ஏறக்குறைய 5 மாதம். பெரும்பாலும் ஒற்றைக் குட்டி. பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் அநேகமாக இருக்காது. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். அதை உறிஞ்சும் திறனோ 24 மணி நேரத்துக்குள் குடலை விட்டுப் போய்விடும். தூக்கக் கலக்கத்திலும் குட்டியைக் காம்பில் விடுவது ஆட்டுக்காரர் வேலை.

● தாய் தன் குட்டியை மோப்பத்திலேயே அறியும். சாயங்காலம் மந்தை திரும்பியதும் வேற்றுக் குட்டி வாய் வைத்தால் முட்டுதான்!