கடலுக்கு அடியில் இருந்து சேதி வருவது எப்படி?

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி தாக்கியபோது, முன்கூட்டி எச்சரிக்க இந்தியாவில் மையம் இல்லை. 2007-ல் ஐதராபாத்தில் அந்த மையம் ஏற்பட்டது.

ஆழ்கடலின் அடியில் ஒரு கருவி, தண்ணீரின் அழுத்தத்தை அளந்து மேலே மிதவைக்குச் சொல்கிறது. மிதவை, செயற்கைக்கோள் வழியாக ஐதராபாத்துக்குச் சொல்கிறது.

அடியில் இருந்து மிதவைக்கு ரேடியோ எடுபடாது. உப்புத் தண்ணீர் அதை விழுங்கிவிடும். ஒலிதான் தூதன். வேகம் வினாடிக்கு சுமார் 1,500 மீட்டர். 3 ஆயிரம் மீட்டர் ஆழம் என்றால் 2 வினாடி.

எதிரொலித் தொல்லை

ஒலி நேராகவும் வரும். அலையிலும் அடித்தளத்திலும் முட்டித் தாமதமாகவும் வரும். பெரிய ரெயில் நிலையத்தில் ஒலிபெருக்கி எதிரொலித்து, பிளாட்பார நம்பர் புரியாமல் போகிறதே, அதுபோலத்தான். ஆழமில்லாத கடலில் பக்கவாட்டில் போகும் ஒலிக்கு இந்தத் தொல்லை மிக அதிகம்.

விஞ்ஞானிகள் கண்ட வழி வேடிக்கையானது. இரு கருவிகளுக்கும் முன்பே தெரிந்த ஒலி ஒன்றை முதலில் அனுப்புகிறார்கள். அது எப்படிச் சிதைந்து வந்தது என்று பார்த்து, எந்த எதிரொலிக்கு எத்தனை தாமதம், எத்தனை பலம் என்று கருவி கணக்குப் போடுகிறது. பின்னால் வரும் உண்மைச் சேதியில் அந்தச் சிதைவைக் கழித்துவிடுகிறது.

கடல் சும்மா இருக்குமா? அலை புரண்டதும் பழைய கணக்கு செல்லாது. ஆகவே, தெரிந்த ஒலியை இடையிடையே மறுபடியும் அனுப்ப வேண்டும். அதுவரை சேதி காத்திருக்கும்.