தோட்டத்தில் ஒரு கம்பி வளையம்

2004 டிசம்பர் 26இல் சுனாமி தாக்கி, ஹம்பாந்தோட்டையில் தொலைபேசிகள் ஊமையானபோது, கொழும்புக்குச் செய்தி சேர்த்தவர்களில் அமெச்சூர் வானொலியாளர்களும் இருந்தனர். இத்தகைய தொடர்புக்கு உதவும் வளைய அன்டெனாவை நீங்கள் வீட்டிலேயே அமைக்கலாம்.

306ஐ மெகாஹேட்ஸில் உள்ள மீடிறனால் வகுத்தால், தேவையான கம்பியின் நீளம் மீற்றரில் கிடைக்கும். 7.1 மெகாஹேட்ஸுக்கு 43 மீற்றர். செப்புக் கம்பியை 6 மீற்றர் உயரத்தில், நான்கு மூலைகளிலும் நைலோன் கயிற்றால் இழுத்து, கிடையாகச் சதுரமாக்குங்கள். இரு முனைகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அவற்றில், திண்மப் பிளாஸ்டிக் காப்புள்ள 75 ஓம் கேபிளில் 7 மீற்றரைப் பொருத்தி, அதன் மறுமுனையிலிருந்து 50 ஓம் கேபிளை வானொலிக் கருவிக்குக் கொண்டுவாருங்கள்.

வளையம் தாழ்வாக இருப்பதால் அலைகள் பெரும்பாலும் மேல்நோக்கிச் சென்று, அயன மண்டலத்தில் திரும்பி, நாட்டின் பல பாகங்களிலும் இறங்கும். மலைகளும் தடையாகா.

மின்சாரக் கம்பிகளுக்கு அருகே கட்டவே வேண்டாம். இடி மின்னல் தொடங்குமுன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பேசுவதற்கு, பரீட்சையில் தேறி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெறுவது கட்டாயம்.

அனர்த்தம் வந்தபின் கம்பி தேடிப் பயனில்லை. வரும் விடுமுறையில், பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள்.