கறுப்பு மணலில் பிறந்த வெள்ளை

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் பல இடங்களில் கறுப்பாகக் கிடக்கும். கையில் அள்ளினால் மினுங்கும். சாதாரண மணலைவிடக் கனக்கும். அந்தக் கறுப்புக்குக் காரணம் இல்மனைட் என்ற தாது. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு கூடிக் கிடக்கும் அதிலிருந்து இரும்பை விலக்கிச் சுத்தம் செய்தால் டைட்டானியம் டை ஆக்சைடு கிடைக்கும். இன்றைக்குக் கடையில் வாங்கும் வெள்ளை பெயின்ட்டின் வெண்மை பெரும்பாலும் இந்தப் பொடியால் வருவதுதான்.

அந்த பெயின்ட்டை வாங்கப் போகுமுன், சமையலறைக்கு வெளிர் நிறம் அடிப்பதா, அடர் நிறம் அடிப்பதா என்று பல வீடுகளில் வாக்குவாதம் நடக்கிறது. ஒருவர் "அழுக்கு தெரியாது" என்பார், இன்னொருவர் "பளிச்சென்று இருக்கும்" என்பார், மூன்றாமவர் செல்போனில் மாடுலர் கிச்சன் படம் காட்டுவார். ருசி அவரவர் பாடு. ஆனால் இதில் பாதி விஷயம் ருசியைச் சேர்ந்ததே அல்ல, இயற்பியலைச் சேர்ந்தது.

முதலில் வெண்மை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒளி ஒரு பொருளை விட்டு இன்னொன்றுக்குள் நுழையும்போது திசை மாறும். எவ்வளவு மாறும் என்பதை ஒளிவிலகல் எண் சொல்லும். காற்றுக்கு அது 1, தண்ணீருக்கு 1.33, சமையல் எண்ணெய்க்கு ஏறக்குறைய 1.47, பெயின்ட்டில் இருக்கும் பிசினுக்கு 1.5 அளவில். ரூட்டைல் வகை டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.7, வைரத்துக்கே 2.4தான். இரண்டு பொருள்களின் எண்களுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால் ஒளி அங்கே கடுமையாகச் சிதறும். பிசினுக்குள் மிதக்கும் நுண்துகள்களில் மோதி மோதி வழிதவறி, கடைசியில் வந்த பக்கமே வெளியேறிவிடும். நடுவில் எந்த நிறமும் உறிஞ்சப்படாததால் எல்லாம் சேர்ந்து வெள்ளையாகத் திரும்பி வருகிறது.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்துப் பார்த்தவர்களுக்கு இது கண்ணால் கண்ட சங்கதி. சுண்ணாம்பை மட்டையால் இழுத்த கையோடு பார்த்தால் பழைய கரி அப்படியே பல்லிளிக்கும். "தண்ணி அதிகமாயிடுச்சு போல" என்று சந்தேகம் வரும். வெயில் ஏறிக் காய்ந்த பிறகு அதே சுவர் வெளுத்து நிற்கும். ஈரமாக இருந்தபோது சுண்ணாம்புத் துகள்களுக்கு நடுவே தண்ணீர் இருந்தது. எண்களில் இடைவெளி குறைவு, சிதறலும் குறைவு. தண்ணீர் போய் அந்த இடத்தில் காற்று புகுந்ததும் இடைவெளி கூடிவிட்டது. இதையே திருப்பிப் போட்டால் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய்க் கறை. அந்த இடம் கறுத்துப்போவதற்குப் புகை ஒரு காரணம். துளைகளில் இருந்த காற்றை எண்ணெய் துரத்திவிட்டது என்பது இன்னொன்று. சிதறி வெளியே வந்திருக்க வேண்டிய ஒளி உள்ளேயே இறங்கி மாட்டிக்கொள்கிறது.

சமையல் மேடைக்குக் கல் வாங்கப் போகும் கிரானைட் கடையிலும் இதே விளையாட்டுதான். மெருகேற்றாத கல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கடைப் பையன் ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் காட்டுவான், கல் குப்பென்று கறுத்துவிடும். பாலிஷ் போட்டால் எப்படியிருக்கும் என்பதற்கு அதுவே முன்னோட்டம். சொரசொரப்பான மேற்பரப்பு ஒளியைச் சிதறடித்துச் சாம்பல் நிறம் காட்டுகிறது. வழுவழுப்பாக்கினால் கல்லின் சொந்தக் கறுப்பு வெளிப்படுகிறது. ஒரு சின்னச் செய்தி: கடைக்காரர் "பிளாக் கிரானைட்" என்று பில் போடும் அந்தக் கல் பெரும்பாலும் நிலவியலாளருக்குக் கிரானைட்டே இல்லை. பழைய பாறையின் வெடிப்புகளில் எரிகுழம்பு புகுந்து இறுகிய டோலரைட், அல்லது அதன் உறவுக்காரக் கல்.

இப்போது அறைக்குள் வருவோம். டியூப்லைட்டிலிருந்து கிளம்பும் ஒளி சுவரில் பட்டதும் அதன் கதை முடிந்துவிடுவதில்லை. சுவர் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும், அது எதிர்ச்சுவரில் படும், அதுவும் திருப்பி அனுப்பும். விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பதைத் திருப்பும் அறை என்றால், முதல் தடவை 100, பிறகு 80, பிறகு 64, பிறகு 51 என்று எல்லாம் கூடிக்கொண்டே போகும். இந்தத் தொடரைக் கடைசிவரை கூட்டினால் 500. விளக்கு தந்தது 100, அறை புழங்குவது ஐந்து மடங்கு! பாதியைத் திருப்பும் அறையில் கூட்டுத்தொகை 200. நூற்றுக்கு இருபது மட்டும் திருப்பும் அடர் நிற அறையில் 125தான். இலவசமாக எதுவும் பிறந்துவிடவில்லை, ஒரே ஒளி பலமுறை வேலை செய்கிறது, அவ்வளவே. நிஜ அறையில் அலமாரி, ஃபிரிட்ஜ், திறந்த ஜன்னல் எல்லாம் இருப்பதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் சங்கதி மாறாது. எல்லாப் பரப்பும் வெளிர் என்பதற்கும் எல்லாப் பரப்பும் அடர் என்பதற்கும் நடுவே, அதே டியூப்லைட்டை வைத்துக்கொண்டே சுமார் நான்கு மடங்கு வித்தியாசம். ஆகவே சுவரை ஒரு விளக்காகவே எண்ணித்தான் அதன் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

பெயின்ட் கடை ஷேடு கார்டு நம்மை ஏமாற்றுவதும் இந்தக் கணக்கால்தான். கார்டில் மெல்லிய கிரீம் என்று தேர்ந்தெடுத்தது நான்கு சுவரிலும் ஏறியதும் மஞ்சளாக நிற்கும். "கலரை மாத்திக் குடுத்துட்டான்" என்று கடைக்காரர் தலையில் பழி விழும். அந்தக் கிரீம் சிவப்பு ஒளியில் நூற்றுக்கு 80-ஐயும் நீல ஒளியில் 60-ஐயும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் நாம் காண்பது ஒரே ஒரு திருப்பம்: 80-க்கு 60. அறைக்குள் இரண்டாவது திருப்பத்தில் அது 64-க்கு 36. மூன்றாவதில் 51-க்கு 22. ஒவ்வொரு முறையும் நீலம் தேய்ந்துகொண்டே போக, நிறம் தன்னைத் தானே அழுத்தமாக்கிக்கொள்கிறது. பெயின்டர்கள் "ஒரு ஷேடு இளைச்சு வாங்குங்க" என்று சொல்வது அனுபவத்தில் கண்டது. பெரிய அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்து, அறை மூலையில் சுவரோடு சேர்த்து வைத்து, பகலில் ஒருமுறையும் டியூப்லைட்டில் ஒருமுறையும் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் நீலம் கலப்பதும் இந்த வகைக் கெட்டிக்காரத்தனம்தான். சுண்ணாம்பின் லேசான பழுப்பை நீலம் ஈடுகட்டும். கருவி வைத்து அளந்தால் திரும்பி வரும் மொத்த ஒளி கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனால் கண் "இன்னும் வெள்ளை" என்று தீர்ப்பு எழுதிவிடும்.

இதெல்லாம் வரவேற்பறைக்கும் பொருந்துமே, சமையலறைக்கு மட்டும் என்ன தனி வம்பு? இருக்கிறது. நம் சமையல் குறிப்புகள் கடிகாரத்தைப் பார்ப்பதைவிட நிறத்தைத்தான் அதிகம் பார்க்கின்றன. வெங்காயம் பொன்னிறமாக வதங்க வேண்டும், பருப்பு சிவக்க வறுபட வேண்டும், வடை இருபுறமும் சிவந்து வர வேண்டும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் கூடிப் பழுப்பு நிறமும் மணமும் உண்டாக்கும் வினையை 1912-ல் லூயி கமீல் மயார் விவரித்தார். நம் வீட்டுச் சமையல்காரர்கள் அந்த வினை எங்கே வந்து நிற்கிறது என்பதைக் கண்ணால்தான் அளக்கிறார்கள். அளவுகோலே கண் என்றால், அதற்குக் கிடைக்கும் ஒளி ஆரஞ்சுச் சுவரில் பட்டுச் சிவந்து வரக்கூடாது. வெளிச்சத்தின் நிறத்தை மூளை ஓரளவு கழித்துக்கொள்ளும், முழுதாகக் கழிக்காது.

நிற விஷயத்தில் அக்கம்பக்கமும் கண்ணை ஏமாற்றும். மிஷெல் ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலர் பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். கறுப்பு நூல் அழுத்தமாக இல்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் ஓடிய நூலின் நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியிருந்தது. அதைத் தொடர்ந்து போய் 1839-ல் நிற முரண் பற்றிப் பெரிய நூலே எழுதினார். சாயத்துக்கு வருவதற்கு முன் கொழுப்பும் எண்ணெயும் எதனால் ஆனவை என்று ஆராய்ந்தவரும் இதே மனிதர்தான். 102 வயதுவரை வாழ்ந்தார். எண்ணெயையும் நிறத்தையும் ஒருசேரக் கற்ற அவர் படத்தைச் சமையலறையில் மாட்டினால் தப்பில்லை. அவர் கண்ட விதிப்படி, இருண்ட பின்னணியில் எதுவும் உள்ளதைவிட வெளிறித் தெரியும். கறுத்த இரும்பு வாணலியில் வெங்காயம் "இன்னும் சிவக்கவில்லையே" என்று தோன்றிக்கொண்டிருக்கும்போதே தீய ஆரம்பிப்பது இதனாலும்தான். எவர்சில்வர் வாணலியில் இந்தத் தடுமாற்றம் குறைவு.

வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது, வில்லை மஞ்சளாகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேர்கிறது. சமையலறை நிறத்தைப் பேரன் தேர்ந்தெடுக்கிறான். அரிசியில் கல் பொறுக்குகிறவர் பாட்டி. இதை யாரும் வாக்குவாதத்தில் எடுத்து வைப்பதில்லை.

"அடர் நிறம் சூட்டை இழுக்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. மொட்டைமாடிக்கும் வெயில் படும் வெளிச்சுவருக்கும் அது முழு உண்மை. உள்சுவரில் அதற்கு வேலை இல்லை. அறைச்சூட்டில் சுவர்கள் கொடுத்து வாங்குவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அந்தக் கதிருக்கு வெள்ளை பெயின்ட்டும் கறுப்பு பெயின்ட்டும் ஒன்றுதான். இரண்டுமே நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் உறிஞ்சும். நிறத்துக்கு ஏற்பச் சுவர் கூடக்குறைய உறிஞ்சுவது டியூப்லைட்டின் ஒளியைத்தான்; கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் கக்கும் சூட்டுக்கு முன் அந்த இருபது வாட் எம்மாத்திரம்? புழுக்கம் தாங்கவில்லை என்றால் எக்ஸாஸ்ட் ஃபேனைத் துடைக்க வேண்டும். நிறத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஈக்கும் நிறத்துக்கும்கூட முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறை, இன்றைய மாடுலர் கிச்சனுக்குப் பாட்டி. அகலம் 1.87 மீட்டர், நீளம் 3.44 மீட்டர், நம் அடுக்ககச் சமையலறை அளவுதான். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைந்தது. அலமாரிகளுக்கு நீலம் பூசினார்கள், ஈ நீலத்தில் உட்காராது என்ற அன்றைய எண்ணத்தால். ஈக்களைக் கலந்தாலோசித்தார்களா என்பது வேறு விஷயம்.

சரி, எங்கே வெளிர், எங்கே அடர்? பணியிடங்களுக்கு ஒளியமைப்பவர்கள் கூரைக்கு 70 முதல் 90, சுவருக்கு 50 முதல் 80, தரைக்கு 20 முதல் 40 விழுக்காடு ஒளி திரும்ப வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சமையலறையும் பணியிடம்தானே. கூரைக்கு வெள்ளையைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், லாஃப்டின் அடிப்பாகம் இரண்டும் வெளிராக இருக்கட்டும். அடர் நிறத்தில் ஆசை இருந்தால் இடுப்புக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளில் தீர்த்துக்கொள்ளலாம், நஷ்டம் அதிகமில்லை. கறுப்பு மேடை தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. போதாததற்கு, கூரை விளக்குக்கும் மேடைக்கும் நடுவே நம் முதுகு வேறு நிழல் போடும். மேடை கறுப்பென்றால் லாஃப்டுக்கு அடியில் ஒரு எல்இடி பட்டை அவசியம்.

கடைசியாக, எல்லா வீட்டிலும் முதலில் எழும் கேள்வியான அழுக்கு. கறுப்பில் அழுக்கு தெரியாது என்பது அரை உண்மை. கடுகும் மிளகும் கரப்பான் பூச்சியும் கறுப்பு மேடையில் ஒளிந்துகொள்ளும். மாவும் உப்பும் கைரேகையும் போர்த் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன வெள்ளைத் திட்டும் அதே மேடையில் ஊரைக் கூட்டும். வெள்ளையில் நேர்மாறு. இரண்டு பக்கத்து அழுக்கையும் ஒருசேர மறைத்தது, பல நிறச் சில்லுகள் பதித்த பழைய மொசைக் தரைதான். சமைக்கும் இடத்தில் அழுக்கு தெரியாமல் இருப்பதை நான் ஒரு வசதியாகவே எண்ணவில்லை.

வெள்ளையின் நிஜ எதிரி மஞ்சள்தூள். அதன் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் குழம்பு எண்ணெயோடு சேர்ந்து நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் காரம் பட்டுச் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைப்பதும் இதே வேதியியல். ஆனால் குர்குமின் வெயில் தாங்காது. கறை பட்ட டப்பாவையோ துணியையோ நல்ல வெயிலில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் நிறம் வெளிறிவிடும். மேடையைத் தூக்கிக்கொண்டுபோய் மாடியில் காயவைக்க முடியாது. வெயில் மேடைக்கே வந்து விழும் வீடானாலும், குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல்லில் கலந்திருக்கும் பிசின் நாள்பட்ட வெயிலில் தானே மஞ்சளாகும். தினம் சாம்பார் கொதிக்கும் வீட்டில் சுவரும் கூரையும் எவ்வளவு வெள்ளையாக வேண்டுமானாலும் இருக்கட்டும். மேடைக்கு வெள்ளை வேண்டாம். சாம்பல் நிறக் கல்லில் கடுகும் தெரியும், மாவும் தெரியும், மஞ்சள் கறை மட்டும் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும்.