அளந்த பிறகு விலை பேசலாம்

சேற்றுழவு நடக்கும் நாளில் டிராக்டர் இன்ஜின் ‘சீஸ்’ ஆகி இறுகி நின்றுவிட்டால், வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் ஏற்றுவதா என்று கேட்டு இரண்டு விலைகளை ஒப்பிடத் தொடங்கிவிடுகிறோம். பிரித்து அளக்காத இன்ஜினுக்குச் சொல்லும் விலையை நம்பவே கூடாது.

பிஸ்டன், ரிங், லைனர், மெட்டல் எனப்படும் பேரிங் எல்லாம் தேய்வதற்கென்றே வைத்தவை. ஆயில் குடிப்பதும் நீலப்புகை தள்ளுவதும் பெரும்பாலும் இவற்றின் தேய்மானம்தான். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டருக்குள் சிறிதளவு ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் ஏறினால், கோளாறு ரிங்கிலோ லைனரிலோ. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ. கோளாறு இந்த அளவில் நின்றால், வேலை பார்ப்பதே லாபம்.

கணக்கை மாற்றுவது கிராங்க். கிராங்குக்கும் மெட்டலுக்கும் நடுவே ஒரு தலைமுடித் தடிமன்தான் இடைவெளி. அதில் நிற்கும் ஆயில் படலத்தின் மேல்தான் கிராங்க் சுழல்கிறது. ஆயில் அழுத்தம் போனால் இரும்போடு மெட்டல் உரசி, உருகி ஒட்டிக்கொள்ளும். கீறல் விழுந்த கிராங்கை 0.25 மி.மீ. கடைந்து, அதற்கேற்ற தடித்த மெட்டல் போடலாம்; அடுத்த முறை 0.50. எத்தனை முறை என்பதற்கு ஒவ்வொரு மாடலுக்கும் எல்லை உண்டு. சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் மேற்பரப்பின் கடினம் போயிருக்கக்கூடும். கிராங்கைக் காந்தப்படுத்தி இரும்புத்தூள் தூவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் கோடாகத் துலங்கும். அந்தக் கோடு தெரிந்தால் வேறு கிராங்க்தான்.

கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்துவிட்டால் என் பதில் ஒன்றே: மாற்றிவிடுங்கள். பெரும்பாலான டிராக்டர்களுக்கு லாரியைப்போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. பிளாக்கின் முன்னால் முன் அச்சும், பின்னால் கிளட்ச் ஹவுஸிங்கும் போல்ட்டில் பிணைந்திருக்கும். வண்டியின் பளு முழுக்கப் பாயும் இடத்தில் வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்து ஒட்டி, அதை நம்பி வயலில் இறங்க முடியாது. கிடைத்த இன்ஜினை ஏற்றிவிடவும் முடியாது. போல்ட் துளையிலிருந்து எல்லாம் பொருந்தியாக வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண் இருப்பதால், மாற்றியதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிய வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், பழைய இன்ஜின் ஏன் போனது என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். ஏர் கிளீனர் ஹோஸில் ஒரு வெடிப்பு போதும். அதன் வழியே புழுதி புகுந்து லைனரை அரைத்துவிடும். ரேடியேட்டர் தகடுகளில் வைக்கோல் தூசி அடைத்தால் ஹெட் கொதித்து வளையும். மெட்டல் உருகிய இன்ஜினில் அதன் துணுக்குகள் பிளாக்குக்குள் ஓடும் ஆயில் வழிகளில் ஒளிந்திருக்கும். அந்த வழிகளின் அடைப்பான்களைக் கழற்றி, உள்ளே பிரஷ் விட்டுக் கழுவச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். கழுவாமல் பூட்டினால், முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போதே அந்தத் துணுக்குகள் புது மெட்டலுக்குள் போய்விடும்.