அச்சுக்கோப்பு மேக்ரோக்களில் காற்புள்ளிப் பட்டியல்

டொனால்டு கனூத் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலில், பயன்படுத்துவோர் தாமே புதுக்கட்டளைகளை வகுத்துக்கொள்ளலாம். அவை மேக்ரோ எனப்படும். யூனிகோடு எழுத்துகளை நேரே ஏற்கும் லுவாடெக் போன்ற பின்வந்த வடிவங்களால் தமிழ்ப் பதிப்புகளும் கோக்கப்படுகின்றன. ஒரு மேக்ரோ ஏற்கும் உள்ளீடுகள் ஒன்பதிற்கு மேற்படா. ஒரு பாடவேறுபாட்டைப் பன்னிரண்டு சுவடிகள் தாங்கி நிற்பின் என் செய்வது? சுவடிக் குறியீடுகளைக் காற்புள்ளியிட்டு ஒரே உள்ளீடாகத் தந்து, அவற்றைப் பிரிக்கும் பணியை மேக்ரோவிடமே விடுதல் வேண்டும்.

பிரிக்கும் முறை எளிது. காற்புள்ளியை எல்லையாகக் கொண்டு முதலுறுப்பைக் கவர்ந்து, அதற்குரிய செயலை முடித்து, எஞ்சியதன்மேல் மேக்ரோ தன்னையே மீண்டும் அழைக்கும். எங்கு நிற்பது என்பதை அஃது அறியாது. ஆகலின் பட்டியலின் ஈற்றில் முடிவுக்குறி ஒன்றை நாமே வைத்தல் வேண்டும். பெயர்ச்செவ்வெண் தொகை பெறும் என்னும் நன்னூலார் கருத்து ஈண்டு நினைவிற்கு வரும். முடிவுக்குறி இன்றேல், மேக்ரோ பின்வரும் உரைநடையையும் உறுப்பெனக் கவர்ந்துகொண்டே சென்று, பொதுவாகப் பத்தி முடியுமிடத்துப் பிழை அறிவித்து நிற்கும்.

தன்னைத் தானே காட்டிக்கொள்ளும் இப்பிழையால் பெருந்தீங்கில்லை. தீங்கு விளைப்பது இடைவெளி. காற்புள்ளிக்குப்பின் இடம்விட்டு எழுதுதல் நம் அனைவர்க்கும் பழக்கம். எல்லைக்குறியால் வரையறுக்கப்பட்ட உள்ளீட்டின் முன்னுள்ள இடைவெளியை டெக் நீக்குவதில்லை. ‘க, ங, ச’ என எழுதின், இரண்டாம் உறுப்பு வெறும் ‘ங’ அன்று. முன்னே இடைவெளி பெற்ற ‘ங’ ஆகும். சுவடிப் பெயர்களோடு ஒப்பிடுங்கால் அது பொருந்தாது. பொருந்தாதவற்றை மேக்ரோ வாளா விடுமாயின், ஒரு சுவடியின் சான்றே அச்சில் இல்லாதொழியும்; எச்சரிக்கை ஒன்றும் எழாது. பதிப்பாசிரியர்க்கு இதனினும் பெருங்கேடு யாது?

லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய லேடெக்கின் மேற்கோள் கட்டளை, அதன் அடிப்படை வடிவில், முன்னிடைவெளியை மட்டுமே களையும். 2020இல் லேடெக்கின் உட்கருவோடு இணைக்கப்பெற்ற நிரலாக்க அடுக்கின் பட்டியற் கருவிகளோ இருபுற இடைவெளிகளையும் நீக்கி, வெற்றுறுப்புகளையும் தள்ளிவிடும். புதிதாக மேக்ரோ வகுப்போர் இவற்றைக் கையாளுதலே தக்கது. ஓரிடம் வெறுமையாயிருத்தலே ஒரு செய்தியாகுமிடத்து மட்டும் இவை உதவா; ஆண்டுப் பழைய முறையே வேண்டும்.

உறுப்பினுள்ளேயே காற்புள்ளி வருமாயின், அவ்வுறுப்பை நெளிவடைப்பினுள் இடுக. உள்ளிருக்கும் காற்புள்ளியை டெக் எல்லையாகக் கொள்ளாது. உறுப்பு முழுவதையும் தழுவிய அடைப்பு, பிரிக்குங்கால் தானே நீங்கும். பழைய முறையில் அடைப்பின் முன்னே ஓரிடைவெளி புகுந்துவிட்டால், அவ்வடைப்பு நீங்காது உறுப்போடு ஒட்டியே நிற்கும்.